துண்டு குடித்த கஞ்சி

தர்ஷினி ஒல்லியாக இருக்கிறாளே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. நாங்களும்தான். நாலரை வயதுப் பெண்ணை ஒன்றரை வயதுக் குழந்தையின் கவுனில் பார்த்துப் பழகிவிட்டோம். எடுத்த கவுன் சீக்கிரம் பத்தாமல் போகவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது.

பிசியோதெரபிக்கு வரும் அம்மாக்கள், "ஆஸ்பத்திரியில இன்னா பண்ணாங்க, இன்னா சொன்னாங்க, எழுதி அனுப்புக்கா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் என் பிள்ளையைப் போலத்தான். அதனால் எழுதுகிறேன். தைரியம் வேண்டுமென்று இதைப் படிக்காதீர்கள். என்னிடம் அது கைவசம் இல்லை.

தர்ஷினி பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு வராமல் தவித்த அந்தச் சிறிது நேரத்தில் மூளையில் ஒரு பகுதி கெட்டுப்போய்விட்டது. மூளை முடக்குவாதம் என்கிறார்கள். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடும் இடம்தான் சரியில்லை. கழுத்து நிற்காது. கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பேச்சு இல்லை. ஆனால் தெருமுனையில் அவள் அப்பாவின் ஆட்டோ ஹாரன் கேட்டால் போதும், உடம்பு முழுக்கச் சிரிப்பாள்.

அவள் அப்பா ஏழுமலை, பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ வாசலில் நிற்கும். அன்று சாயங்காலம் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு இவர் மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார். அவள் ஒரு வயது முதல் ஒரு பௌர்ணமியும் விட்டதில்லை, மழை பெய்தால் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கூடச் சேரும். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும் ஒரே பெருமையாகச் சொல்வார்.

"தோளை மாத்தாமயே சுத்திட்டு வந்துட்டேன் சுதா. எம் பொண்ணு அவ்ளோ லேசு. சாமி பாரம் தெரியாம பாத்துக்கறாரு."

நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது.

இந்த முறை காய்ச்சல் வந்தபோது வழக்கமான காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். இரண்டாம் நாள் மூச்சு இழுத்தது. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை. ஆக்சிஜன் குழாயை மூக்கில் ஒட்டினார்கள். ஊசி போட நரம்பு தேடினார்கள். கையில் இல்லை, காலில் இல்லை, கடைசியில் நெற்றியோரம் கிடைத்தது. முடியைச் சிரைத்தபோது தர்ஷினி அழவில்லை. நான்தான் வெளியே போய் அழுதேன். திரும்பி வரும்போது யாரோ ஒரு அம்மா எங்கள் கட்டிலில் கூடையை வைத்திருந்தார், அந்த அம்மாவோடு நன்றாகச் சண்டை போட்டேன். அழுவதைவிட அது எனக்குச் சுலபமாக வரும்.

ஆஸ்பத்திரி நாட்களில் பயம் எப்போதும் இருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. பாதி நேரம் அலுப்புதான். ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, அங்கே கவுன்டரில் நிற்பது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அறையைக் கூட்டுகிறவர்கள் நம்மை வெளியே விரட்டுவது, அவர் போன பிறகு அவர் என்ன சொன்னார் என்று நர்ஸைக் கெஞ்சுவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் வரும் பாட்டில் தண்ணீரின் குமிழிச் சத்தம் நின்றுவிட்டதோ என்று திடுக்கென்று பார்ப்போம். அதுதான் பயம்.

இவருடைய அக்கா செல்வி அண்ணி தினமும் ரசம் சாதம் கட்டிக்கொண்டு வருவார். கூடவே சீப்பும் தேங்காய் எண்ணெயும். "பேய் மாதிரி இருக்கற, உக்காரு" என்று என்னைத் தரையில் உட்கார வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். அதுவரைக்கும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாத மனுஷி அவர். கல்யாணத்தில் நகை விஷயத்தில் வந்த மனஸ்தாபம். வார்டில் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த மனஸ்தாபம் எதைப் பற்றி என்பதே மறந்துபோயிருந்தது.

மூச்சு கொஞ்சம் சமாதானமானதும் டாக்டர் படுக்கைக்கு வந்தார். நரைத்த தலை, நிதானமான ஆள். தர்ஷினியின் கையைத் தூக்கி மேல்கைச் சதையைப் பிடித்துப் பார்த்தார்.

"எப்பவும் இவ்ளோ எடைதானாம்மா?"

"ஆமா சார். எல்லா டாக்டரும் இந்த மாதிரி பசங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

எல்லாரும்தான். தெரபி செய்கிறவர், வேலூரில் ஸ்கேன் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், கிரிவலத்தில் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள். யார் பெயரைச் சொல்ல? அவர் டயட்டீஷியனை வரச்சொல்லி எழுதிவிட்டுப் போனார்.

டயட்டீஷியன் என்றால் சாப்பாட்டு விஷயம் பார்க்கிறவர். வந்தது ஒரு சின்னப் பெண். கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பை. என்னைத் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறச்சொன்னாள். பிறகு என்னை மட்டும் ஏறச்சொன்னாள். கழித்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். நிற்க முடியாத பிள்ளைக்கு உயரம் எப்படி எடுப்பாள் என்று பார்த்தேன். முழங்காலை மடக்கி, குதிகாலிலிருந்து முழங்கால் மேடு வரைக்கும் அளந்தாள். காலும் முதுகும் கோணிக்கொள்கிற பிள்ளைகளுக்கு அந்த அளவை வைத்துத்தான் உயரத்தைக் கணக்குப் போடுவார்களாம். மேல்கையைச் சுற்றி ஒரு நாடா. முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு கிடுக்கியால் பிடித்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கொழுப்பு எவ்வளவு என்று தெரியுமாம். தர்ஷினி நெளிந்தாள். அங்கே கிள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

"மத்த பசங்களோட வெச்சுப் பாக்காதீங்க மேடம்" என்றேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

"பாக்கலைங்க. மூளை முடக்குவாதம் இருக்கற பசங்களுக்குனே தனி சார்ட் இருக்கு. அதுலதான் வெச்சிருக்கேன்." விரலால் காட்டினாள். பல கோடுகள் வளைந்து மேலே போயின. தர்ஷினியின் புள்ளி எல்லாக் கோடுகளுக்கும் கீழே, தனியாகக் கிடந்தது.

பிறகு வீட்டில் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவாள் என்று கேட்டாள். எனக்கு அது பிடித்த கேள்வி. என் பிள்ளைக்குச் சாப்பாட்டில் நான் குறை வைத்ததே இல்லை. காலையில் ஒரு கிண்ணம் ராகிக் கஞ்சி, பதினோரு மணிக்குப் பால், மதியம் பருப்பு சாதம் கரைத்து, சாயங்காலம் மறுபடி கஞ்சி, ராத்திரி இவர் வந்து ஊட்டும் பால் சாதம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் வீட்டில் செய்யும் வேலையே அதுதான். பெருமையாகவே சொன்னேன்.

"நல்லா ஊட்டறது யாரு? நீங்களா, அவங்க அப்பாவா?"

"அவருதான். அவர் கையில ஜாஸ்தி குடிப்பா."

"அப்ப அவரை நாளைக்குக் காலையில வரச்சொல்லுங்க. வீட்ல எப்படி ஊட்டுவாரோ அப்படியே ஊட்டட்டும். கிண்ணம், துண்டு எல்லாம் வீட்லேந்தே எடுத்துட்டு வாங்க."

மறுநாள் இவர் குளித்து, விபூதி வைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இருந்தார். ஆக்சிஜனை எடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது. தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார். இரண்டு காலையும் நீட்டினார். கைக்குழந்தைக்குச் செய்வதுபோல மகளைக் கால்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். தாடைக்குக் கீழே வெள்ளைத் துண்டை மடித்து வைத்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கைக்குழந்தைக்கு அப்படித்தான் பாலாடையில் பால் புகட்டுவோம். தர்ஷினி உட்காரப் பழகவில்லை. அதனால் அந்தப் பாலாடையை விட்டு நாங்கள் வெளியே வரவே இல்லை.

கெட்டியாக இருந்தால் இருமுவாள் என்று கஞ்சியை நீராகக் கரைப்போம். இவர் பாலாடையில் மொண்டு, கடைவாயோரம் மெதுவாக ஊற்றினார். "முழுங்கு கண்ணு. முழுங்கிடு. அப்பா பாரு. ஆங், அவ்ளோதான்." கன்னத்தைத் தடவினார், தொண்டையைத் தடவினார். நாக்கு கஞ்சியை வெளியே தள்ளியது. துடைத்தார். மறுபடி ஊற்றினார். ஒரு பாட்டு முனகினார். அவள் இருமினாள். முதுகைத் தட்டினார். மறுபடி ஊற்றினார். வார்டில் இருந்த அம்மாக்கள் எல்லாம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆம்பளை இவ்வளவு பொறுமையா என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

கிண்ணம் காலியானது. இவர் நிமிர்ந்து டயட்டீஷியனைப் பார்த்தார். "முழுசா குடிச்சிட்டா மேடம்."

அவள் துண்டை எடுத்தாள். ஊட்டுவதற்கு முன் அந்தத் துண்டை அவள் ஒரு சின்னத் தராசில் வைத்து எடுத்ததை நான் கவனித்திருந்தேன், எதற்கென்று புரியவில்லை. இப்போது மறுபடி வைத்தாள். எழுதினாள். கழித்தாள். இவருக்கு நேராக வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க ஊத்துனதுல பாதிக்கு மேல துண்டுலதான் இருக்கு. மீதியும் முழுசா வயித்துக்குப் போகல. இருமுறா பாருங்க, அப்ப கொஞ்சம் நுரையீரலுக்குப் போகுது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது தண்ணியா ஊத்துனா அது மூச்சுக் குழாயிலதான் இறங்கும். அதனாலதான் அடிக்கடி நிமோனியா வருது. வயித்துக்குப் போறதும் வெறும் நீரு, அதுல சத்து கம்மி. உடம்பு எப்பவும் விறைச்சுக்கிட்டே இருக்கறதால அவ சும்மா படுத்திருந்தாலும் சக்தி செலவாகுது."

இவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இருக்கற ஒல்லி வியாதியால வந்தது இல்லீங்க" என்றாள். "பசியால வந்தது."

அந்தப் பெண்ணை ஓங்கி ஒரு அறை விட்டால் என்ன என்று இருந்தது. உண்மையாகவே கை பரபரத்தது. நாலு வருஷமாக ஒரு நாளில் பாதியை அந்தக் கிண்ணத்தோடு கழித்தவர்களிடம் வந்து, உங்கள் பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டாமா?

"பசிச்சா அழுவா இல்ல?" என்றேன். "அழவே மாட்டா மேடம் அவ. எங்க பொண்ணு அழவே மாட்டா."

"அழறதுக்கும் தெம்பு வேணும்லக்கா."

இவர் எழுந்து, துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். துண்டைப் பிழிந்து பிழிந்து அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது.

"மாசா மாசம் தூக்கினேனே சுதா" என்றார். "மாசா மாசம் மலையைச் சுத்தித் தூக்கினேன். ஒரு மாசமாவது கனத்திருக்கணும் இல்ல? வளர்ற பொண்ணு கனக்கணும் இல்ல? எந் தோளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சாமி புண்ணியம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

என்ன சொல்லியும் அவரைத் தேற்ற முடியவில்லை. நான் தேற்றவும் முயலவில்லை. எனக்கே ஆள் வேண்டியிருந்தது.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ட்யூப் போட்டார்கள். உடனே நிறையக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதுவும் கூடாதாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உள்ள உப்புகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும் என்றார் டாக்டர். முதலில் கொஞ்சம், ரத்தம் பார்த்து இன்னும் கொஞ்சம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடக்கூட ரத்தப் பரிசோதனை. இந்த உலகத்தை என்னவென்று சொல்வது.

வாயில் ஒன்றும் தரவேண்டாம் என்று எழுதி கட்டிலில் மாட்டினார்கள். கிரிவலம் முடிந்து வந்தால் இவர் சர்க்கரைப் பொங்கலில் ஒரு விரல் தொட்டு அவள் நாக்கில் வைப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சப்புக்கொட்டுவாள். அவளுக்கென்று இருந்த ஒரே ருசி அது. அதையும் அந்த அட்டை எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் யாராவது பிஸ்கட் பிரித்தால் தர்ஷினி அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவாள். நான் திரை இழுத்துவிடுவேன். திரை பாதிதான் மூடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விஷயத்தை விளக்கினார். மூக்கு ட்யூப் ரொம்ப நாள் தாங்காது. அது உறுத்தும், கழன்றுவிடும், அதனாலும் சளி கட்டும். வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக ட்யூப் வைக்கவேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டும். இப்போதிருக்கும் எடைக்கு மயக்க மருந்து தாங்கமாட்டாள்.

"எடையை ஏத்திட்டு வாங்க. செஞ்சிடலாம்."

"ஆபரேஷன் ஆனாதான எடை ஏறும் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் நெஜம்தாம்மா" என்றார். அவர் மீது கோபப்பட முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கோபப்பட ஆள் இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன்.

வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. சத்துமாவு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் அளந்து கலக்கி, வடிகட்டி, தலையை உயர்த்தி வைத்து சிரிஞ்சில் மெதுவாக இறக்குகிறோம். அரை மணியில் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. இவர் காலை நீட்டிப் பாயில் உட்கார்வார், வெறும் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார், எழுந்து போய்விடுவார்.

முதல் ரிவ்யூவில் எடை கொஞ்சம் ஏறியிருந்தது. இவர் வார்டு முழுக்க லட்டு கொடுத்தார். நர்ஸுகள் சிரித்தார்கள். அதற்கப்புறம் மறுபடி சளி. வாந்தி. ட்யூப் இரண்டு தடவை கழன்றது. போன வாரம் அடுத்த ரிவ்யூ. ஆட்டோ நிறுத்த இடமில்லாமல் இவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான்தான் தர்ஷினியோடு மெஷினில் ஏறினேன். பிறகு தனியாக ஏறினேன். அந்தச் சின்ன டயட்டீஷியன் கழித்துப் பார்த்தாள். மறுபடி ஏறச்சொன்னாள். மறுபடி கழித்தாள். சேர்த்தபோது இருந்ததைவிடவும் கீழே வந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அறையத் தோன்றிய கைதான் அது.

வெளியே வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தார். பெரிய தெரு, பஸ் ஸ்டாண்ட், எல்லாம் கடந்து வீட்டுக்கு வந்தோம். தர்ஷினி மட்டும் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அன்று பௌர்ணமி இல்லை. கூட்டத்தில் கொண்டுபோகக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவர் பௌர்ணமியில் போவதில்லை. வெயில் தாழ்ந்ததும் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ட்யூப் இழுபடாமல் கன்னத்தோடு ஒட்டிச் சரிசெய்தார். "கோயில் வரைக்கும் போய்ட்டு வரலாம் வா" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஊர்க் கோயிலுக்கு நாலு எட்டுதான். நான் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

டீக்கடை தாண்டுவதற்குள் நின்றார். இடது தோளிலிருந்து மகளை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் தோள் மாற்றி நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் கனக்கறா சுதா" என்றார். மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கனக்கறா இல்ல?"

"ஆமாங்க" என்றேன். "கனக்கறா."

கொஞ்ச தூரம் போய் மறுபடி தோள் மாற்றினார். பெருமூச்சும் விட்டார். நான் துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டேன். கழுத்தில் வேர்வையே இல்லை.